பார்ட்டி போக்கர்: ஒரு சீட்டு மேசையின் கதை

போன மாசம் ஒரு நைட் டூட்டி. மணி ரெண்டரை இருக்கும். நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுதுன்னு ஒரு தம்பியை பைக்ல நடுவுல உட்கார வெச்சு கூட்டிட்டு வந்தாங்க. முப்பது வயசு கூட ஆகலை. ஈசிஜி நார்மல். ட்ரோபோனின் நெகட்டிவ். பிபி மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"மூணு நாளா தூங்கலை சார். போன்லயே இருக்காரு" என்றார் அவரது மனைவி. தம்பியை தனியே வைத்துக் கேட்டேன். "சீட்டு சார்" என்றார். ரம்மியா? "இல்ல சார், போக்கர்." எவ்வளவு போச்சு? "ரெண்டே முக்கால் லட்சம்."

இதைத்தான் இப்ப தடை பண்ணிட்டாங்களே தம்பி என்றேன். "இது வெளிநாட்டு சைட்டு சார். டெலிகிராம்ல லிங்க் குடுத்தாங்க." அப்புறம் அவர் கேட்டதுதான் இந்த த்ரெட்டுக்குக் காரணம். "சார், எதிர்ல உட்கார்ந்து ஆடுறவன் நிஜமாவே மனுசனா? இந்த கம்பெனி எல்லாம் யாரு சார் நடத்துறா?"

என்கிட்ட பதில் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் மனநல ஓபிக்கு சீட்டு போட்டு அனுப்பினேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதறேன். அந்தத் தம்பியின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஆட்டம். இன்று நெட்டில் அதிகம் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். உங்கள் கையில் ரெண்டு சீட்டு, அது உங்களுக்கு மட்டும் தெரியும். நடுவில் அஞ்சு சீட்டு, எல்லாருக்கும் பொது. நாலு சுற்றாக பந்தயம் ஏறும். நல்ல சீட்டு இல்லாமலே இருப்பது போல நடித்து ஜெயிக்கலாம். அதனால்தான் இதை திறமை ஆட்டம் என்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கு.

1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்ற தளத்தில் உண்மைப் பணம் வைத்து முதல் ஆன்லைன் ஆட்டம் நடந்தது. டயல்-அப் காலம். மோடம் கீச்சுனு கத்துமே, அந்தக் காலம்.

நம்ம கதாநாயகன் அதற்கு அப்புறம் வர்றான். பார்ட்டி போக்கர், 2001. இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ரூத் பரசோல் என்ற அமெரிக்கப் பெண்மணி. சட்டம் படித்தவர். போன் சாட் லைன், ஆபாசத் தளம் போன்ற தொழில்களில் இருந்துவிட்டு, 1997-ல் ஆன்லைன் காசினோ தொடங்கினார். அவருக்கு மென்பொருள் எழுத ஆள் தேவைப்பட்டது. கிடைத்தவர் நம்ம ஊர்க்காரர். அனுராக் தீட்சித். தன்பாத்தில் பிறந்து ஐஐடி டெல்லியில் கம்ப்யூட்டர் படித்தவர். அவர் மூலமாக இன்னொரு ஐஐடி டெல்லிக்காரர், விக்ராந்த் பார்கவா, மார்க்கெட்டிங் பார்க்க வந்தார். கம்பெனியின் தலைமையகம் ஜிப்ரால்டர். ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் இருந்தது எங்கே தெரியுமா? ஹைதராபாத்தில்!

அதாவது அமெரிக்காவில் ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்குப் பணத்தை விட்டுட்டு "என் காசு எங்கே" என்று மெயில் போட்டால், பதில் சொன்னது தெலுங்கு தேசத்துப் பிள்ளைகள். இந்தத் தொழில் ஏதோ லாஸ் வேகாஸ் தாதாக்கள் நடத்துவது என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தளங்கள் சம்பாதிப்பது எப்படி? இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிங்க. காசினோவில் நீங்கள் முதலாளியோடு ஆடுவீர்கள். போக்கர் தளத்தில் அப்படி இல்லை. நீங்களும் இன்னொரு ஆட்டக்காரரும் மோதுவீர்கள். தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையில் சேர்ந்த பணத்திலிருந்து ஒரு பங்கை உருவிக்கொள்ளும். இதற்கு ரேக் என்று பெயர். மேசைக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். பத்து பேர், ஆளுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 10,000. எல்லாருக்கும் ஒரே திறமை. ஒரு ஆட்டத்தில் சராசரியா 100 ரூபாய் சேருது, கூலி 5 சதவீதம், அதாவது 5 ரூபாய். மணிக்கு 60 ஆட்டம் என்றால் 300 ரூபாய். 33 மணி நேரத்தில் பத்து பேர் பணமும் காலி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நியாயமாத்தான் ஆடினார்கள். ஆனால் மேசையில் காசு இல்லை. நேரில் சீட்டு போடும் மேசையில் மணிக்கு 30 ஆட்டம் ஓடினாலே பெரிசு. கம்ப்யூட்டரில் வேகமும் கூட, ஒரே ஆள் நாலு மேசையில் ஆடவும் முடியும்.

சரி, கதைக்கு வருவோம். 2003-ல் ரெண்டு விஷயம் நடந்தது. ஒன்று, அமெரிக்க டிவியில் ஆட்டக்காரரின் மறைவுச் சீட்டைக் காட்டும் குட்டிக் கேமரா வந்தது. பார்ப்பவனுக்கு சீட்டு தெரியும், ஆடுபவனுக்குத் தெரியாது. கிரிக்கெட்டை விட விறுவிறுப்பு! ரெண்டாவது, டென்னசி மாநிலத்துக் கணக்காளர் ஒருவர், போக்கர்ஸ்டார்ஸ் தளத்தில் 86 டாலர் கட்டி தகுதிப் போட்டி ஆடி, உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயரே அதுதாங்க.

அந்த வருஷம் உலகப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். 2006-ல் 8,773 பேர். ஒரு கணக்காளர் ஜெயித்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தோற்ற 838 பேரை யாரும் படம் பிடிக்கலை.

இந்த அலையில் பார்ட்டி போக்கர் உலகின் மிகப்பெரிய போக்கர் தளமானது. 2005 ஜூனில் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தார்கள். பங்கு விலை 116 பென்ஸ். கம்பெனி மதிப்பு சுமார் 464 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸை விட அதிகம்! நிறுவனர்கள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்று ஒரே நாளில் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். சில மாதத்தில் லண்டனின் முதல் நூறு கம்பெனிப் பட்டியலான ஃபுட்சி 100-லும் இடம்.

ஆனால் பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே ஒரு விஷயம் எழுதியிருந்தார்கள். வருமானத்தில் பத்தில் எட்டு பங்குக்கும் மேல் வருவது அமெரிக்காவிலிருந்து. அந்த அமெரிக்காவின் நீதித்துறையோ இந்தத் தொழில் சட்டவிரோதம் என்று கருதுகிறது. இதைத் தெரிந்தேதான் பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. சிகரெட் டப்பா மேல் படம் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே வாங்குகிறோமே, அதே மாதிரி.

2006 ஜூலையில் டாலஸ் விமான நிலையத்தில், விளையாட்டுப் பந்தயத் தளம் ஒன்றின் தலைவர் விமானம் மாறும்போது கைது. எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. செப்டம்பர் கடைசியில், துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றின் வாலில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான பகுதியைக் கட்டி நிறைவேற்றினார்கள். அக்டோபர் 13 அன்று புஷ் கையெழுத்து போட்டார். இந்தச் சட்டம் ஆடுபவனைத் தொடவில்லை. பணம் போகும் பாதையை, வங்கியையும் கார்டையும், அடைத்தது.

மசோதா நிறைவேறிய செய்தி வந்து சந்தை திறந்த நாளில் பார்ட்டியின் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. கையெழுத்து விழுந்ததும் அமெரிக்காவை விட்டு வெளியேறியது கம்பெனி. சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி ஆச்சே, வேற வழி இல்லை.

ஆனால் போட்டியாளர்கள் போகலை! போக்கர்ஸ்டார்ஸும் ஃபுல் டில்ட்டும் தனியார் கம்பெனிகள், பங்குச்சந்தைக்குக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. "போக்கர் திறமை ஆட்டம், சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று அங்கேயே இருந்தன. பார்ட்டியின் வாடிக்கையாளர்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போனார்கள். ஆடுவது நிற்கவில்லை, மேசை மட்டும் மாறியது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

2008 டிசம்பரில் அனுராக் தீட்சித் தாமாகவே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போய் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1961-ம் வருஷத்து கம்பித் தகவல் சட்டத்தின் கீழ் ஒரு குற்றச்சாட்டு. 30 கோடி டாலர் கட்ட சம்மதித்தார். அடுத்த ஏப்ரலில் கம்பெனியும் வழக்கு வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டு 10.5 கோடி டாலர் கட்டியது. 2010 டிசம்பரில் தீட்சித்துக்குத் தண்டனை: ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை.

இதில் வேடிக்கை, ஒரே வருஷம் கழித்து 2011 டிசம்பரில் அதே நீதித்துறை, "அந்த 1961 சட்டம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மட்டும்தான்" என்று கருத்து வெளியிட்டது. 2018-ல் மறுபடி மாற்றிப் பேசியது, அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 30 கோடி டாலரை நினைத்து அவர் சிரித்தாரா அழுதாரா தெரியாது.

அங்கேயே தங்கியவர்களுக்கு என்ன ஆச்சு? 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. தளங்கள் முடக்கம், நிறுவனர்கள் மீது வழக்கு. போக்கர் உலகம் இதை கறுப்பு வெள்ளி என்கிறது. அப்போதுதான் ஃபுல் டில்ட்டின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. திரையில் "உங்கள் இருப்பு" என்று காட்டியது வெறும் எண். அடுத்த வருஷம் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலர் சமரசத்தில் ஃபுல் டில்ட்டையும் எடுத்துக்கொண்டதால்தான் அவர்கள் காசு பிழைத்தது.

தம்பி கேட்ட முதல் கேள்விக்கு வர்றேன். எதிரில் இருப்பவன் நியாயமா ஆடுறானா? அல்டிமேட்பெட் என்ற தளத்தில், எதிராளிகளின் மறைவுச் சீட்டைப் பார்க்கும் வசதியோடு சில கணக்குகள் இருந்தன. அசாத்தியமாக ஜெயிப்பதைப் பார்த்து சந்தேகப்பட்டு வெளியே கொண்டுவந்தது ஆட்டக்காரர்கள்தான். உரிமம் கொடுத்த கனடா ஆணையம் 2008-ல் பொறுப்பாளி என்று பெயர் சொன்னது யாரை? 1994-ம் வருஷ உலக சாம்பியனை! 2.2 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். உரிமம் இருந்த தளத்தின் கதை இது. டெலிகிராம் லிங்க்கில் வரும் தளத்துக்கு யார் உரிமம், யார் ஆணையம்?

பார்ட்டியின் மிச்சக் கதை சுருக்கமா. 2011-ல் பிவின் கம்பெனியோடு இணைப்பு, 2016-ல் ஜிவிசி வாங்கியது, அதுதான் இன்று என்டெய்ன். 2013-ல் நியூஜெர்சி மாநிலம் உரிமம் கொடுக்க, அதே பார்ட்டி போக்கர் அதே அமெரிக்காவுக்குள் முறைப்படி திரும்பி வந்தது.

இப்ப டாக்டரா கொஞ்சம். பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்சோல் என்று ஒரு மாத்திரை தருவோம். மூளையில் டோபமைன் வேலையைச் செய்யும். பார்க்கின்சன் நோயாளிகள் மூவாயிரம் பேரைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில் நூற்றில் 5 பேருக்கு சூதாட்டப் பிரச்சினை இருந்தது. இந்த வகை மாத்திரை எடுத்தவர்களிடம் அது இன்னும் அதிகம். வாழ்நாளில் சீட்டைத் தொடாத பெரியவர்கள்! மாத்திரையைக் குறைத்தால் பலருக்கு அது விலகிவிடும். சூதாட்ட வேகத்தை "கொழுப்பு", "திமிர்" என்று சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வரும். 2013-ல் அமெரிக்க மனநலக் கையேடு இதை மது, புகை இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தனி எண்ணே இருக்கு.

எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத ஆட்டம்தான் மூளையை அதிகம் பிடித்து வைக்கும். ஸ்கின்னர் புறாக்களை வைத்து அப்போதே காட்டிவிட்டார். தினமும் தோற்றால் விட்டுவிடுவோம். ஏழு தடவை தோற்று எட்டாவது ஜெயிப்பதுதான் சிக்கல்.

நம்ம சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது, 2025 ஜூனில் நீதிமன்றம் அதையும் ஏற்றது. நைட் டூட்டி பார்க்கும் ஆள் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி அது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடை என்று சட்டம் போட்டது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. விளம்பரமும் பணப்பாதையும் அடைப்பு. 2006 அமெரிக்கா ஞாபகம் வருதா?

தடையை நான் ஆதரிக்கிறேன். டிவியைப் போட்டால் நடிகரும் கிரிக்கெட் வீரரும் "வாங்க ஆடலாம்" என்று கூப்பிட்டது நின்றதே பெரிய விஷயம். ஆனால் ஏற்கனவே பிடியில் இருப்பவர், அந்த 2006 அமெரிக்கர் போல, இருக்கிற கதவைத் தேடிப் போவார். அவருக்குத் தேவை சிகிச்சை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. போன்ல பேச டெலிமானஸ் 14416, அல்லது 104. வீட்டில் யாருக்காவது கடன், தூக்கமின்மை, "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு இருந்தால் நாளை வரை காத்திருக்காதீங்க.

ரெண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி ஓபிக்கு வந்தார், மனைவியோடு. வங்கி ஆப் இப்ப மனைவி போன்ல மட்டும். பழைய பட்டன் போன் ஒன்றை சட்டைப்பையில் வைத்திருந்தார். கூட்டம் குறைவாக இருந்ததால் இந்தக் கதையை அவருக்கும் சொன்னேன். ஹைதராபாத் வரும்போது சிரித்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜெயில் இல்லையா சார் அவருக்கு?"

"இல்லை தம்பி. ஒரு வருஷம் கண்காணிப்பு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மாத்திரை நாளையோட முடியுது சார், எழுதிக் கொடுங்க" என்றார்.