தறியை விட்டுக் கலாபார் போன பெண்

கடல் தாண்டிய வாழ்வுகள் – 9

சென்ற வாரம், ஆப்பிரிக்காவில் பயணித்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் மரணச் செய்தி பிரிட்டனுக்கு வந்துசேர்ந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1874-ன் தொடக்கத்தில் அந்தச் செய்தி பரவியபோது, ஸ்காட்லாந்தின் டன்டி நகரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த மேரி ஸ்லெஸ்ஸருக்கு வயது 25. மறு ஆண்டே, தன்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும்படி சபைக்கு விண்ணப்பம் போட்டார்.

லிவிங்ஸ்டன் கண்டத்தையே குறுக்காகக் கடந்தவர். ஸ்லெஸ்ஸரோ இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், கலாபாரையும் கிராஸ் நதியையும் சுற்றியே 38 ஆண்டுகளைக் கழித்தவர். அறியாத நிலத்தைக் கடந்துபோக ஒரு துணிச்சல் வேண்டும். அங்கேயே அடுப்பு மூட்டி, அக்கம்பக்கத்தாரோடு பிணங்கியும் இணங்கியும் வாழ்வதற்கு இன்னொரு துணிச்சல் வேண்டும். இந்த இரண்டாவது துணிச்சலைப் பற்றி வரலாறு குறைவாகவே பேசியிருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் ஸ்லெஸ்ஸர்.

ஆலைச் சங்கும் அரைநாள் பள்ளியும்

1848 டிசம்பர் 2 அன்று அபர்டீனில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி; சம்பாதித்ததைக் குடித்தே தீர்த்தவர். அம்மா நெசவுத் தொழிலாளி. பிழைப்புத் தேடிக் குடும்பம் டன்டிக்கு இடம்பெயர்ந்தது. 11 வயதில் மேரியும் ஆலைக்குள் நுழைந்தார். பாதி நாள் வேலை, பாதி நாள் ஆலைப் பள்ளியில் படிப்பு என்பது அன்றைய ஏற்பாடு. 14 வயதில் முழுநேரத் தொழிலாளி. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறு வரை தறி இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே, தறியின் மீது புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கை ஓய்ந்த நேரமெல்லாம் படித்தார்.

அம்மா தீவிர பிரெஸ்பிட்டேரியன் பக்தை. சபையின் மிஷன் இதழில் வரும் கலாபார் செய்திகள் அந்த வீட்டின் அன்றாடப் பேச்சு. மகன்களில் ஒருவனை மிஷனரியாக அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் கனவு. மகன்களோ நோயில் போய்விட்டார்கள். அப்பாவும் இறந்தபின், அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் தாங்கும் பொறுப்பு மேரியின் தலையில் விழுந்தது. ஆகவே, கலாபார் பயணம் அவருக்கு ஊழியம் மட்டுமாக இருக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் டன்டியில் உலை கொதிக்க வேண்டும். அவர் எடுத்த பல முடிவுகளை இந்தக் குடும்பக் கணக்கு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

1876 ஆகஸ்ட் 5 அன்று லிவர்பூலில் 'எத்தியோப்பியா' கப்பலில் ஏறினார். அதே கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைக்காகச் சாராயப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக ஏறின. குடி ஒரு வீட்டை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பிறந்த வீட்டிலேயே பார்த்தவர் அவர். அத்தனை பீப்பாய்களுக்கு ஒரேயொரு மிஷனரிதானா என்று மனம் வெதும்பினார். செப்டம்பர் 11 அன்று கப்பல் கலாபாரை அடைந்தது.

அழைத்தவர்களும் முன்னால் போனவர்களும்

கலாபாருக்குக் கிறிஸ்தவ மிஷன் வந்த வழி தனிக் கதை. 1830-களில் ஜமைக்காவில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நிறைந்த அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் சபைகளில், முன்னோரின் மண்ணுக்கு நற்செய்தியோடு போக வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. ஹோப் வாடல் என்ற போதகரின் தலைமையில் புறப்பட்ட குழு 1846-ல் கலாபாரில் இறங்கியது; ஜமைக்காக்காரர்களும் அதில் இருந்தார்கள். கலாபாரின் எஃபிக் இனத் தலைவர்களும் அவர்களைத் தாங்களாகவே வரவேற்றார்கள். அட்லாண்டிக் அடிமை வணிகம் நின்றுபோய், பனை எண்ணெய் வணிகம் தலையெடுத்த காலம் அது. எழுத்தும் கணக்கும் புதிய பயிர்த்தொழிலும் தம் மக்களுக்கு வேண்டும் என்று அவர்கள் முன்னரே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

ஸ்லெஸ்ஸர் வருவதற்குள் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. எஃபிக் மொழியில் புதிய ஏற்பாடும் ஹியூ கோல்டி தொகுத்த அகராதியும் வந்துவிட்டன. 1850-லேயே, தலைவர்களின் சாவுச் சடங்கில் அடிமைகளைப் பலியிடும் வழக்கத்துக்கு எதிராக எஃபிக் தலைவர்களே எக்பே என்ற தங்கள் ரகசியச் சங்கத்தின் மூலம் சட்டம் செய்திருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் கேடு என்று நம்பி, அந்தச் சிசுக்களைக் கொன்று தாயை ஊரைவிட்டு விலக்கும் வழக்கத்துக்கு எதிராக 1878-ல் ஓர் உடன்படிக்கையும் வந்தது. பின்னாளில் எழுந்த வீரக்கதைகள் இதையெல்லாம் ஒற்றைப் பெண்ணின் சாதனையாக்கிவிட்டன. ஸ்லெஸ்ஸரின் பெருமைக்கு அந்த மிகை தேவையே இல்லை.

மணியடிக்கும் வேலை

கலாபாரின் ட்யூக் டவுன் குன்றின் மீதிருந்த மிஷன் வீட்டில் மூத்த தம்பதியான ஆண்டர்சன்களோடு அவர் தங்கினார். அதிகாலை ஜெபத்துக்கு மணியடிக்கும் வேலை புதியவருடையது. தூங்கிவிட்டால் அன்று சாப்பாடு இல்லை என்பது ஆண்டர்சன் அம்மாவின் தண்டனை. ஆண்டர்சன் ஐயா மனைவிக்குத் தெரியாமல் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுப்பாராம். வேலை இல்லாத நேரத்தில் இந்தப் பெண் மரம் ஏறினார். ட்யூக் டவுனுக்கும் ஓல்ட் டவுனுக்கும் இடையில் ஏறத் தகுந்த மரம் எதையும் விட்டுவைக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொண்டதுண்டு.

மொழி அவருக்குச் சீக்கிரம் வசப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளோடும் சந்தைப் பெண்களோடும் பேசிப் பேசிப் பழகியதால், உள்ளூர்க்காரர் வாய்போல இருக்கிறது என்று எஃபிக் மக்களே மெச்சினார்கள். உடம்புதான் பழக மறுத்தது. மலேரியா திரும்பத் திரும்பப் படுக்கையில் தள்ளியது; 1879-ல் ஊருக்குத் திரும்ப வேண்டிவந்தது.

1880-ல் மீண்டும் வந்தபோது, தன்னைத் தனியாக விடும்படி கேட்டு ஓல்ட் டவுனில் ஒரு மண் வீட்டில் குடியேறினார். கப்பலில் வரும் டின் உணவும் பீங்கான் தட்டும் மிஷன் வீடுகளின் வழக்கம். அதற்குக் காசு வேண்டும். ஸ்லெஸ்ஸர் வள்ளிக்கிழங்குக்கும் வாழைக்காய்க்கும் மாறினார். மிச்சப்பட்ட பணம் டன்டிக்குப் போனது. அம்மாவுக்காகச் சிக்கனம் பிடிக்கப் போய், அக்கம்பக்கத்துப் பெண்களின் அடுப்படிக்குள் அவருக்கு இடம் கிடைத்தது. காலப்போக்கில் தொப்பியும் காலணியும் இடுப்பை இறுக்கும் கச்சும் கழன்றன; தலைமுடியையும் ஒட்ட வெட்டிக்கொண்டார். கைவிடப்பட்ட குழந்தைகள் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். இரட்டையரில் ஒன்றாகப் பிறந்து பிழைத்த ஒரு பெண் குழந்தைக்குத் தன் தங்கை ஜேனியின் பெயரையே வைத்தார்.

1886-ன் தொடக்கத்தில் அம்மாவும் தங்கை ஜேனியும் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். இன்னொரு தங்கை முன்னரே போய்விட்டார். கடிதம் எழுதவும் காசு அனுப்பவும் தாய்நாட்டில் இனி யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான், மற்றவர்கள் போகத் தயங்கிய ஓகோயாங் பகுதிக்குப் போகிறேன் என்று உறுதியாக நின்றார்.

மழையில் ஒரு குடிபுகுதல்

ஓகோயாங் மக்களுக்கும் கலாபார் எஃபிக் மக்களுக்கும் பகை. ஸ்லெஸ்ஸர் முன்கூட்டியே போய்ப் பேசித் தலைவர்களின் சம்மதத்தைப் பெற்றிருந்தார். 1888 ஆகஸ்டில் கிரீக் டவுன் அரசர் ஏழாம் ஏயோ, கம்பளமும் மெத்தையும் விரித்த தன் சொந்தப் படகைக் கொடுத்து அனுப்பினார். கரையிறங்கிய இடத்திலிருந்து எக்கெங்கே கிராமத்துக்கு நாலு மைல் காட்டுப் பாதை, கொட்டும் மழை. கூட ஐந்து பிள்ளைகள்; மூத்தவனுக்கே 11 வயதுதான், கடைசி கைக்குழந்தை. காலணிகளைச் சேறு பிடுங்கிக்கொள்ள, வெறுங்காலோடு நடந்தார். போய்ச் சேர்ந்தால் ஊரே வெறிச்சோடிக் கிடந்தது. பக்கத்து ஊர்ச் சாவுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, வராமல் நின்ற சுமைகளுக்காக அதே இருட்டில் கரைக்குத் திரும்பி நடந்தார்.

எக்கெங்கே தலைவர் எடெமின் வளவுக்குள், அவருடைய மனைவிமார் குடியிருக்கும் வரிசையில் ஒரு மண் அறை கிடைத்தது. பிறகு தனி வீடு எழுந்தபோது, அடுப்பையும் பாத்திரம் வைக்கும் மேடையையும் சாய்ந்து உட்காரும் திண்ணையையும் செம்மண்ணிலேயே தன் கையால் பிசைந்து உருவாக்கினார்.

அந்த மண்ணில் அவரைக் காத்தவர் மா எமே. எடெமின் சகோதரி, கணவரை இழந்தவர். தன் இனத்தின் நம்பிக்கைகளைக் கடைசிவரை விடாதவர். ஆனால் ரத்தம் சிந்துவதை அவர் மனம் ஏற்கவில்லை. எங்காவது வன்முறைக்குத் திட்டம் நடந்தால், மருந்து நிரப்பித் தரும்படி ஒரு குப்பியை ஸ்லெஸ்ஸருக்கு அனுப்புவார். விழித்திரு, அழைப்பு வரும் என்று அதற்குப் பொருள். உடன்பிறந்த உறவையும் ஊர்க்கட்டையும் மீறி ஒரு பெண் எடுத்த ஆபத்து அது. இந்த வரலாற்றில் மா எமேயின் பெயரை ஸ்லெஸ்ஸரின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் துணிபு.

அதன் பலன் ஒரு சாவில் தெரிந்தது. எடெமின் மகன் எட்டிம் கல்யாணத்துக்காக வீடு கட்டும்போது மரம் விழுந்து அடிபட்டான். ஸ்லெஸ்ஸர் இரவும் பகலும் பார்த்தும் பிழைக்கவில்லை. சூனியம் வைத்ததாகப் பலரைப் பிடித்துச் சங்கிலியில் கட்டினார்கள். அடுத்தது எசெரே விதைச் சோதனை. நஞ்சான அந்தக் கொட்டையைத் தின்று பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. ஸ்லெஸ்ஸர் பிரசங்கம் செய்யவில்லை. தலைவர் மகனுக்கு உரிய மரியாதை என்ன என்று யோசித்தார். உயர்ந்த துணிகளை உடுத்தி, தலைப்பாகை கட்டி, அதன் மேல் இறகு செருகிய உயரத் தொப்பி வைத்து, பெரிய குடையின் கீழ் உடலை உட்காரவைத்து, தன் கோலத்தைத் தானே காணும்படி எதிரே கண்ணாடியும் நிறுத்தினார். பார்த்த ஊர் பூரித்தது. இறந்தவனுக்குக் குறை வைக்கவில்லை என்ற நிறைவு வந்தபின் கோபம் தணியத் தொடங்கியது. பல நாள் இழுபறிக்கும் மன்றாட்டுக்கும் பிறகு, கட்டப்பட்டவர்கள் அனைவரும் உயிரோடு விடுபட்டார்கள். ஒரு மாடு மட்டுமே பலியானது.

 

கையில் அதிகாரம் இல்லாத காலம்

1892-ல் பிரிட்டிஷ் நிர்வாகம் ஸ்லெஸ்ஸரை ஓகோயாங்குக்குத் துணைத் தூதராக நியமித்தது. வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் அதோடு வந்தது. அதனால், 1888 முதல் 1892 வரையிலான நான்கு ஆண்டுகள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. அரசாங்கம் அருகில் இல்லை, படை இல்லை, பதவி இல்லை. இருந்தது எடெம் கொடுத்த அறை, ஏயோ கொடுத்த படகு, மா எமே அனுப்பிய குப்பி. அவற்றை ஏற்றுக்கொள்ளும் பணிவை, அதற்கு முந்தைய 12 ஆண்டுகள் கலாபாரில் கிழங்கு தின்று, காய்ச்சலில் கிடந்து, மொழி பழகி அவர் சம்பாதித்திருந்தார்.

ஊழியத்துக்கென்றும் தொண்டுக்கென்றும் இன்றும் நம் பிள்ளைகள் தூரதேசம் போகிறார்கள். என்ன கொண்டுபோக வேண்டும் என்பதற்கு அவர்களிடம் நீண்ட பட்டியல் இருக்கிறது. போய்ச் சேர்ந்த ஊரில் யாரிடம் கற்க வேண்டும், யாருடைய தயவில் வாழப்போகிறோம் என்பதையும் அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டவர் ஸ்லெஸ்ஸர்.

ஆனால் அரசாங்கப் பதவி வந்தபின் அந்த உறவு அப்படியே நீடித்ததா? மக்களின் விருந்தாளியாக வந்தவர் அவர்கள் வழக்கை விசாரிக்க உட்கார்ந்தபோது என்ன நடந்தது? ஓகோயாங்கின் நீதிமன்றத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)