மரப் படகும் ரெக்ஸின் சீட்டும்

இத்தாலியில் இசேயோ ஏரிக்கரையில் சார்னிகோ என்று ஒரு சின்ன ஊர். ரீவா குடும்பம் 1842லிருந்து அங்கே படகு கட்டிவந்தது. அந்தக் குடும்பத்தில் வந்த கார்லோ ரீவா 1962ல் 'அக்வாரமா' என்ற வேகப்படகை வெளியிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் படத்தை எங்காவது பார்த்திருப்பீங்க. மஹோகனி மரத்தில் செய்த உடல், அதன்மேல் முகம் பார்க்கலாம் போல வார்னிஷ், உள்ளே வெள்ளையும் கடல்பச்சையும் பட்டை பட்டையாக வரும் சீட். இன்றைக்கு கோடிகளில் விலைபோகிற படகு அது.

அந்த சீட்டு தோல் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, வினைல். அதாவது பாலிவினைல் குளோரைடு பூசிய துணி. நம்ம ஊர் குஷன் கடையில் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்வார்: ரெக்ஸின்.

பணக்காரர்களுக்காகக் கட்டின படகில் ஏன் ரெக்ஸின்? செலவை மிச்சம் பிடிக்கவா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல். ரெக்ஸின் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு பிராண்டின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த கம்பெனி அது. அவங்க செய்தது வினைலும் இல்லை. பருத்தித் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி, தோல் மாதிரி வரிகளை அழுத்தி எடுத்தார்கள். நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்துக்கு நெருங்கின சொந்தம். தனியாகப் பூசினால் காய்ந்து நொறுங்கிவிடும். அது வளைந்துகொடுக்க உள்ளே கலந்தது என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்! அமெரிக்காவில் இதே மாதிரிச் சரக்குக்கு 'ஃபேப்ரிகாய்ட்' என்று பெயர். வெடிமருந்து செய்துகொண்டிருந்த டூபான்ட் 1910ல் அந்தக் கம்பெனியை வாங்கியது. கையில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸை வேறெதற்காவது பயன்படுத்த முடியுமா என்ற கணக்குதான். அந்த பழைய ரெக்ஸின் எப்போதோ போய்விட்டது. பெயர் மட்டும் நம்ம ஊரில் ஒட்டிக்கொண்டு, பைக் சீட்டிலிருந்து ஸ்கூல் பை வரைக்கும் பரவி, அதன் இடத்துக்கு வந்த வினைலுக்கும் பெயராகிவிட்டது.

வினைலின் கதை வேறு. 1872ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பவ்மன், வினைல் குளோரைடு அடைத்த கண்ணாடிக் குழாயில் வெயில் பட்டு உள்ளே ஒரு வெள்ளைத் திடப்பொருள் உண்டானதைப் பார்த்தார். வெயிலில் பிறந்த பொருள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி தேவைப்படும். விறைப்பாக, உடையக்கூடியதாக இருந்ததால் அதை வைத்து என்ன செய்வது என்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

1926ல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் ரப்பர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடை அதிகக் கொதிநிலை உள்ள ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. ஆறின பிறகு கையில் வந்தது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் ஒரு ஜெல்லி. உள்ளே போன திரவம் வெளியே வராமல் அந்த நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப்போக விட்டது. இதைத்தான் பிளாஸ்டிசைசர் என்கிறோம், தமிழில் நெகிழ்வூட்டி. பழைய ரெக்ஸினில் விளக்கெண்ணெய் செய்த அதே வேலை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை இதைக் கப்பல் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்படுத்தியது. ரப்பர் தட்டுப்பாடு ஒருபக்கம், வினைல் சுலபத்தில் தீப்பற்றாது என்பது இன்னொரு பக்கம். போர் முடிந்ததும் ஆலைகள் இருந்தன, வாங்க ஆள் வேண்டும். இசைத்தட்டு, மழைக்கோட்டு, தரைவிரிப்பு, கார் சீட்டு, அப்புறம் படகு சீட்டு. யு.எஸ். ரப்பர் கம்பெனி, கனெக்டிகட் மாநிலத்தில் நாகடக் என்ற ஊர்ப்பெயரை வைத்து 'நாகஹைடு' என்று விற்றது. 1960களில் அதன் விளம்பரத்துக்கு 'நாகா' என்று ஒரு கற்பனை மிருகத்தையே உருவாக்கினார்கள். தன் தோலைத் தானே உரித்துக்கொடுத்துவிட்டு சந்தோஷமாக இருக்குமாம் அது. அந்த பொம்மையை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரப் படகுக்காரர்களுக்கு வினைல் கைகொடுத்தது விலையால் மட்டும் இல்லை. மிஷிகன் மாநிலம் அல்கொனாக்கில் கட்டப்பட்ட கிறிஸ்-கிராஃப்ட் படகுகளில் 1920, 30களில் பெரும்பாலும் தோல் சீட்டுதான். திறந்த படகில் தோல் என்ன ஆகும்? நனையும், காயும், விறைக்கும், பூஞ்சை பிடிக்கும். ஈர நீச்சலுடையோடு யாராவது வந்து உட்கார்ந்தால் முதலாளிக்கு மனசு பதறும். வினைலில் துணியை வைத்துத் துடைத்தால் போச்சு. அதோடு நிறம். தோலில் மங்கலான பழுப்பு, சிவப்பு, பச்சை என்றிருந்த இடத்தில் வினைல் பால்வெள்ளையும் கடல்பச்சையும் கொண்டுவந்தது. கிறிஸ்-கிராஃப்டிடம் எஞ்சின் வாங்க அமெரிக்கா போய்வந்தவர் கார்லோ ரீவா. அக்வாரமாவின் சீட்டில் நாம் பார்க்கிற அந்தப் பளிச்சென்ற நிறம் அந்தக் காலத்துப் புதுமை. அவர் மிச்சம் பிடிக்கவில்லை. அன்றைக்கு நவீனமாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

ஆக, இந்த மாதிரிப் படகை இன்று பழுதுபார்க்கிறவர் "அசலை மீட்கிறேன்" என்று சொன்னால் போட வேண்டியது வினைல்தான். ஆனால் கை தோலுக்குப் போகும். இவ்வளவு விலை கொடுத்த படகில் போய் ரெக்ஸினா என்ற அதே எண்ணம், எனக்கு வந்த எண்ணம்தான். தோல் போட்டால் படகு இன்னும் பணக்காரத்தனமாகத் தெரியும், உண்மை. கட்டினவர் நினைத்த படகாக இருக்காது.

சரி, அசல் சீட்டையே வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல்.

வளைகிற வினைலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூட நெகிழ்வூட்டியாக இருக்கலாம். அது வினைலோடு வேதிப்பிணைப்பில் கட்டுப்பட்டதில்லை, இடையில் தங்கியிருப்பது மட்டும்தான். வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே வரும். கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் அடியில் உள்ள ஸ்பாஞ்சுக்குள் இறங்கும், கொஞ்சம் உட்கார்கிறவர் பூசியிருக்கும் சன்டேன் எண்ணெயோடு போகும். மேற்பரப்பு முதலில் பிசுபிசுக்கும், அழுக்கைப் பிடிக்கும், அப்புறம் சுருங்கும், கடைசியில் தையல் ஓட்டை வழியாகக் கிழியும். வெயில் இன்னொரு பக்கம். புற ஊதாக் கதிரும் சூடும் பட்டால் வினைல் ஹைட்ரஜன் குளோரைடை விடும். அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். பவ்மனின் குழாயில் எந்த வெயிலில் பிறந்ததோ அதே வெயிலில்தான் சாவும்.

பழைய படகு சீட்டுகளில் ரோஸ் நிறக் கறை ஒன்று வரும். என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. உள்ளே ஈரமான துணியிலும் ஸ்பாஞ்சிலும் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நிறமி அது. நெகிழ்வூட்டியில் கரைந்து அதன் வழியாகவே மேலே ஏறி வருகிறது. வெளியே தேய்த்து என்ன பிரயோஜனம்?

இதெல்லாம் படகுக்காரர்களின் தலைவலி மட்டும் இல்லை. அருங்காட்சியகங்களில் மோசமான பொருள்களின் பட்டியலில் பாலிவினைல் குளோரைடும் உண்டு. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இதை ஆராய்ந்த இவோன் ஷஷுவா, காற்றோட்டமாக வைப்பதைவிட, நெகிழ்வூட்டியை உறிஞ்சாத மூடிய பெட்டிக்குள் வைத்தால் இழப்பு குறைகிறது என்று காட்டினார். பொம்மைக்கு அது சரிப்படும். ஏரியில் ஓடுகிற படகை மூடிய பெட்டிக்குள் வைக்க முடியுமா? ஓலைச்சுவடி காய்ந்தால் எண்ணெய் பூசி மறுபடி வளைய வைப்போம். வினைலுக்கு அந்த வழியும் இல்லை. போனது போனதுதான்.

அதனால் புது வினைல் போடுவது தவிர்க்க முடியாதது, அதில் பாவம் ஒன்றும் இல்லை. போடுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கு. படகுக்கென்று வரும் வினைலில் புற ஊதாக் கதிரைத் தாங்கவும் பூஞ்சையைத் தடுக்கவும் கலவை சேர்த்திருப்பார்கள். வீட்டு சோபா ரெக்ஸின் வெயிலில் அவ்வளவு தாங்காது. நூல் பாலியெஸ்டராக இருக்கணும், பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும். தையலை நெருக்கமாகப் போடக்கூடாது. துணியில் நெருக்கமான தையல் பலம். வினைலிலோ ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரு நிரந்தர ஓட்டை, நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகாக இருக்கணும். இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகையோடு துரு கோடு விழும்.

உள்ளே வைக்கும் மெத்தையிலும் காலம் தெரியும். பழையதில் சுருள் கம்பியும் குதிரைமயிரும், அப்புறம் ரப்பர் ஸ்பாஞ்சு, அதற்கும் அப்புறம் இன்றைய பாலியூரிதேன். பழைய படகுகளில் இலவம்பஞ்சு அடைத்த மெத்தைகளும் உண்டு. சொகுசுக்கு மட்டும் இல்லை. இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். படகு கவிழ்ந்தால் அந்த மெத்தையே உயிர்காக்கும் மிதவை.

இனி எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். லம்போர்கினி கார் கம்பெனியை நிறுவின ஃபெருச்சியோ லம்போர்கினி 1968ல் தனக்கென்று ஒரு அக்வாரமா செய்துகொண்டார். 278ஆம் எண் உடல், அதில் அவருடைய கம்பெனியின் வி12 எஞ்சின்கள் இரண்டு. பின்னால் கைமாறி, எங்கோ தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை ஒரு டச்சு நிறுவனம் மூன்று வருஷம் வேலை பார்த்து 2013ல் மீட்டது. செய்திகளில் எஞ்சின் பற்றிப் பத்தி பத்தியாக இருக்கு. வார்னிஷ் 25 கோட் அடித்தது இருக்கு. சீட்டுக்கு ஒரு வரி.

எல்லாப் படகிலும் இதே நிலைமைதான். மரத்தில் எது அசல், எது மாற்றியது என்று பலகை பலகையாகக் குறித்துவைக்கிறார்கள். 1975ல் தொடங்கின அமெரிக்காவின் ஆன்டிக் அண்ட் கிளாசிக் போட் சொசைட்டி, அசல் மரம் பெரும்பாலும் தங்கிய படகையும் புதிதாகக் கட்டி மீட்ட படகையும் தனித்தனி வகையாக வைத்து மதிப்பிடுகிறது. கிறிஸ்-கிராஃப்டின் ஆவணங்கள் வர்ஜீனியாவில் உள்ள மரைனர்ஸ் மியூசியத்தில் இருக்கு. படகின் எண்ணைச் சொன்னால் ஆலையிலிருந்து எந்த எஞ்சினோடு எந்த ஊருக்குப் போனது என்ற அட்டையின் நகல் கிடைக்கும். ஆனால் அறுபது வருஷத்து மஹோகனியைத் தடவித் தடவிப் பார்க்கிற அதே ஆட்கள், அறுபது வருஷத்து சீட் கவரை அளவு எடுத்த கையோடு குப்பையில் போடுகிறார்கள்.

புதுக் கவர் வெட்ட பழைய கவரைப் பிரித்து அதையே மாதிரியாக வைப்பார்கள். படி எடுத்தாயிற்று, இனி மூலம் எதற்கு? பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதையை நாம் கேட்டிருக்கோம். படி எடுத்தவர் தப்பாக எழுதியிருந்தால்? சரிபார்க்க மூலம் இல்லை. அடுத்தவர் அந்தத் தப்பையே படி எடுப்பார். படகிலும் அதுதான் நடக்குது. அந்த நிறம் இப்போது தயாரிப்பில் இல்லை, கிட்டத்தட்ட ஒரு நிறம் போடுகிறார்கள். பட்டையின் அகலம் அரை அங்குலம் மாறுகிறது. பட்டைகளைத் தைக்காமல் சூட்டால் அழுத்தி ஒட்டியிருந்த இடத்தில், மெஷின் கிடைக்காததால் தையல் வருகிறது. அந்தப் படகு கண்காட்சிக்குப் போய் பரிசு வாங்குகிறது. அதைப் போட்டோ எடுத்து அடுத்தவர் தன் படகுக்கு மாதிரியாக வைக்கிறார். பாடபேதம் இப்படித்தான் மூலபாடம் ஆகிவிடுகிறது. உடல் 1962, சீட்டு 1962ஐப் பற்றி நாம் இன்று நினைத்துக்கொள்வது.

பெரிய செலவில்லாமல் இதைத் தடுக்கலாம். கவரைப் பிரிக்கும் முன் தையலை எண்ணணும், பட்டையை அளக்கணும், பைப்பிங் எந்தப் பக்கம் மடிகிறது என்று படம் எடுக்கணும். அப்புறம் ஒரு துண்டு. எந்தத் துண்டு என்பது முக்கியம். மேற்பரப்பில் இருக்கிற நிறத்தை நம்பி அதற்குப் பொருத்தமாகப் புது வினைல் வாங்கினால், அறுபது வருஷ வெயிலைத்தான் நகலெடுப்பீங்க. சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்க. ஓரத்தை அடிப்பலகைக்குக் கீழே மடித்து பின் அடித்திருப்பார்கள். துருப்பிடித்த பின்னை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து அந்த மடிப்பை விரித்தால், உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு, வெயிலே படாமல், ஆலையில் வெட்டின அன்றைய கடல்பச்சைக்கு இவ்வளவு நெருக்கமான நிறம் அந்தப் படகில் வேறெங்கேயும் இருக்காது.