சம்படத்தில் ஒரு பாகப் பிரிவினை

பரங்கிப்பேட்டை என்றால் சரித்திரம் படித்தவர்களுக்கு 1781-ம் வருஷத்து யுத்தம் ஞாபகம் வரும். ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டும் மோதிய இடம். நானும் அதை நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் 1960-களில் வளர்ந்த ஸ்தாபனம் அது.

அங்கே ஒருவர் முகத்துவாரத்து நீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, "பாருங்கள் ஸார்" என்றார். வட்ட வட்டமாகக் கண்ணாடிச் சம்படங்கள்! டயாட்டம் என்று பெயர். ஒற்றை உயிரணு, சிலிகாவினால் ஆன ஓடு, அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் கவிந்த மூடி ஒன்று. உலகத்துத் தாவர வர்க்கம் முழுவதும் வெளிவிடும் பிராணவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உபயமாம்.

இது பெருகும் விதம்தான் வேடிக்கை. உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒருவன் மூடியை எடுத்துக்கொள்கிறான், மற்றவன் அடிப்பாகத்தை. சரிபாதிதானே என்கிறீர்களா? அங்கேதான் சூது. இருவருமே குறைப் பாதியைப் புதிதாகச் செய்துகொள்ளும்போது, உள்ளே அடங்கும் அடிப்பாகத்தைத்தான் செய்கிறார்கள். மூடி வாங்கியவன் அப்பன் அளவே இருப்பான். மற்றவனுக்கோ அப்பனுடைய அடிப்பாகமே மூடி; ஆகவே ஒரு சுற்றுச் சிறுத்துப் போவான். அவன் வம்சத்தில் தலைமுறைக்குத் தலைமுறை இதே கதை.

எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. தாத்தா காலத்தில் மூன்று கட்டு. எனக்கு வந்தது பாதிக் கூடமும் பாதி முற்றமும். மழை பெய்தால் பாதி மழைதான் என்னுடையது.

1869-ல் ஆங்கிலக் கடற்படை வைத்தியர் மக்டானல்ட், ஜெர்மானியத் தாவர சாஸ்திரி ஃபிட்ஸர் இருவரும் தனித்தனியே இந்தக் கணக்கைக் கண்டு சொன்னார்கள். விலக்கான இனங்களும் உண்டு, அவை சிறுப்பதில்லை.

"இப்படியே போனால் ஒன்றுமில்லாமல் போகாதா?" என்று கேட்டேன்.

ஓர் அளவுக்குக் கீழே சிறுத்ததும் ஆண், பெண் என்ற பேதம் தலைகாட்டுகிறதாம். இந்த வட்ட ஜாதியில் ஒன்று முட்டையாகிறது. இன்னொன்று வாலுள்ள விந்தணுக்களாகச் சிதறுகிறது. பிதிரார்ஜித ஓட்டை உதறிவிட்டுக் கூடுகின்றன. கூடியது உருண்டையாக ஊதி, பழைய அளவில் புதுச் சம்படம் செய்துகொள்கிறது. அந்தத் தருணம் தவறினவை சிறுத்துச் சிறுத்தே செத்துப் போகின்றன.

மறுபடியும் குனிந்து பார்த்தேன். பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன.

"அண்ணன் தம்பியோ?"

"பெரியப்பாவும் பேரனுமாகக்கூட இருக்கலாம் ஸார்" என்றார் அவர்.