மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி கிடந்த ஜீப்

எங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி பதினாலு வருஷமா ஒரு ஜீப் கிடக்குது. இங்க தொடர்ந்து படிக்கிறவங்க அதைப் பார்த்திருப்பீங்க. மிளகு காயப்போடுற போட்டோ போட்டா மூலையில துருப்பிடிச்ச மூஞ்சி ஒண்ணு எட்டிப் பார்க்குமே, அதுதான். டயர் இல்ல. சீட்டை எலி தின்னுருச்சு. பானெட்டுக்குள்ள ஒரு தடவை கோழி அடை காத்துச்சு.

போன மாசம் அக்கா மகன் வந்து, "மாமா, அந்த ஜீப்பை எனக்குக் குடுத்துருங்க"ன்னான். டிப்ளமா முடிச்சுட்டு நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில வேலை பார்க்கிறான். எதுக்குடா மாப்ளன்னு கேட்டா போனை நீட்டுறான். மட்கார்டு இல்லாம, கூரை இல்லாம, எஞ்சின் வெளியில தெரியுற மாதிரி, முன்சக்கரம் ஒல்லியா பின்சக்கரம் தடியா ஒரு கார். "இதுக்குப் பேரு ஹாட் ராட் மாமா. அந்தக் காலத்துல அமெரிக்காவுல பசங்க வீட்டுலயே செஞ்சு ரேஸ் விட்டது. எல்லாம் காயலான் கடைச் சாமான்தான்."

நான் உடனே சரின்னு சொல்லல. அதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி வர்றேன். ஆனா அவன் காட்டுன அந்த வண்டி மனசுல நின்னுருச்சு. ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படிச்சேன்.

ஹென்றி ஃபோர்டு கம்பெனி 1908ல இருந்து 1927 வரைக்கும் மாடல் டின்னு ஒரே காரை ஒன்றரைக் கோடி செஞ்சு வித்துச்சு. அதுக்கப்புறம் மாடல் ஏ. அவ்வளவு கார் ஓடுன நாட்டுல பழசாகிப் போனது எவ்வளவு கிடக்கும்னு நீங்களே பார்த்துக்கங்க. 1930கள்ல அங்க வேலையில்லாத் திண்டாட்டம் வேற. பழைய கார் அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுது. கலிபோர்னியாப் பசங்க அதை வாங்கி மட்கார்டைக் கழட்டுனாங்க, கூரையைக் கழட்டுனாங்க, முன்கண்ணாடியைக் கழட்டுனாங்க. எடை குறைஞ்சா அதே எஞ்சின் இன்னும் வேகமா இழுக்கும், அவ்வளவுதான் கணக்கு. கலப்பையை மாத்தாம மாட்டை மாத்துற ஆளும் உண்டு, மாட்டை மாத்தாம கலப்பையை இலேசாக்குற ஆளும் உண்டு இல்லீங்களா, அந்த மாதிரி. 1932ல ஃபோர்டு 65 குதிரை சக்தி வி8 எஞ்சினை சாதாரண ஆளு வாங்குற விலையில கொண்டுவந்துச்சு. கொஞ்ச வருஷத்துல அடிபட்ட கார்ல இருந்து அந்த எஞ்சினைப் பிரிச்சு பழைய இலேசான பாடியில இறக்க ஆரம்பிச்சாங்க.

ஓட்டுற இடம் ஏரி. தண்ணி இல்லாத ஏரிங்க. முராக், எல் மிராஜ்னு பாலைவனத்துல பெரிய பெரிய ஏரிகள், சேறு காஞ்சு களத்துமேடு மாதிரி இறுகிக் கிடக்கும். 1937ல தெற்கு கலிபோர்னியாவுல இந்த கிளப்புகள் எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு சங்கம் வெச்சு, முறையா நேரம் குறிச்சு ஓட்டுனாங்க. அப்புறம் போர் வந்துச்சு, பசங்க பட்டாளத்துக்குப் போனாங்க. திரும்பி வந்தப்ப வெல்டிங்கும் எஞ்சின் வேலையும் பழகிட்டு வந்தவங்க அதுல நிறைய பேர். பில் பர்க்னு ஒருத்தர் 1946ல போர் விமானத்துக்கு அடியில தொங்குற எண்ணெய் டாங்க்கை எடுத்து, அதையே பாடியா வெச்சு கார் செஞ்சாரு. வெள்ளரிக்காய்க்கு நாலு சக்கரம் வெச்ச மாதிரி இருக்குது. காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகுமாம்.

எஞ்சினைப் பத்தி இப்படிப் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காங்க. நான் தேடுனது வேற. எப்படி நிறுத்துனாங்க?

அந்தப் பழைய ஃபோர்டுல பிரேக்குன்னா கம்பி இழுத்துப் புடிக்கிறதுதான். பெடல்ல இருந்து சக்கரம் வரைக்கும் ராடும் கேபிளும். எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுற ஹைட்ராலிக் பிரேக் ஃபோர்டுக்கு 1939லதான் வந்துச்சு. அதனால விவரம் தெரிஞ்ச ஹாட் ராட்காரங்க பழைய வண்டிக்கு 39க்குப் பிந்தின பிரேக்கைத் தேடிப் பிடிச்சு மாட்டுனாங்க. விவரம் இல்லாதவங்க எஞ்சினை மட்டும் மாத்திட்டு தெருவுல பந்தயம் விட்டாங்க. ஆளுங்க செத்தாங்க. ஊரே சத்தம் போட்ட பின்னாடி 1951ல வாலி பார்க்ஸ்னு ஒருத்தர் தேசிய அளவுல சங்கம் ஆரம்பிச்சு, பந்தயத்தைத் தெருவுல இருந்து ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோனாரு. வண்டியைப் பரிசோதிச்ச பின்னாடிதான் ஓட்டணும்னு விதி வெச்சாங்க. போர் முடிஞ்சு சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் அதுக்கு வசதியா அமைஞ்சுது.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க சித்தப்பா ஞாபகம் வந்துச்சு. லாரியில கிளீனரா மெட்ராஸ் போனவரு, சோழவரம் ரேஸ் பத்தி சாகுற வரைக்கும் பேசுவாரு. சோழவரமும் அதே கதைதான். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளம், போர் முடிஞ்சு சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல தொடங்குனது. அவங்க அந்த ஓடுதளத்துல முப்பது வருஷத்துக்கு மேல ரேஸ் நடத்துனாங்க. கூட்டம்னா கூட்டம், தேர்த்திருவிழா தோத்துதுன்னு சித்தப்பா சொல்லுவாரு.

அப்ப வெளிநாட்டுக் கார் இறக்குமதி பண்றது லேசுல நடக்காது. நம்மகிட்ட இருந்தது அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ரேஸ்காரங்க அதையேதான் நோண்டுனாங்க. சீட்டைக் கழட்டி, சிலிண்டர் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை மாத்தி ஓட்டுனாங்க. சிலர் பழைய பாகங்களைச் சேர்த்து சொந்தமா ஒத்தை சீட்டு வண்டியே கட்டிக் கொண்டுவந்தாங்க. பணக்காரங்க வெளிநாட்டு ரேஸ் காரோட வந்ததும் உண்டுதான். ஆனா சித்தப்பா அதைப் பத்திப் பேசுனதே இல்ல. அம்பாசிடரைப் பத்திதான் பேசுவாரு.

நம்ம பக்கத்துல இந்த வேலையை ஒழுங்கா செஞ்சவரு கோயமுத்தூர் கரிவர்தன். மில் குடும்பத்துப் புள்ளை. ரேஸ் ஓட்டுனாரு, அதோட நிக்கல. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு இல்லீங்களா, 796 சிசி, மூணு சிலிண்டர். ஊரே அதைக் கல்யாணத்துக்கு வாங்குனப்ப, இவரு அந்த எஞ்சினை எடுத்து இரும்புக் குழாய்ச் சட்டத்துல வெச்சு ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. எல்லா வண்டியும் ஒரே மாதிரி. கடையில கிடைக்கிற பாகம், அதனால செலவு கம்மி, ஓட்டுறவன் திறமைதான் ஜெயிக்கும். நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது 2005ல, ஆனா அவரும் சின்ன வயசுல இந்த மாருதி வண்டியில ஓட்டிப் பழகுனவருதான். கரிவர்தன் 1995ல சின்ன விமானம் விழுந்து இறந்துட்டாரு. செட்டிப்பாளையத்துல 2003ல திறந்த ரேஸ் மைதானத்துக்கு அவரு பேரைத்தான் வெச்சிருக்காங்க.

சரி, நான் சரின்னு சொல்லாத காரணம்.

அந்த ஜீப் அக்கா வீட்டுக்காரரோடது. எங்க மச்சான். பெட்ரோல் எஞ்சின் கட்டுபடியாகலைன்னு பழைய டீசல் எஞ்சின் ஒண்ணை வாங்கி ஒரு பட்டறையில இறக்குனாரு. மலையில அப்ப பல பேரு செஞ்சதுதான். எஞ்சின் கனம் கூடிப்போச்சு, இழுவை கூடிப்போச்சு, முன்ன ஏத்துனதைவிட அதிகமா சரக்கும் ஏத்துனோம். பிரேக்கை யாரும் தொடல. எனக்கும் தோணல, அதையும் சொல்லிடறேன். பலாப்பழ லோடோட காரவள்ளிக்கு இறங்குறாரு. எழுபது கொண்டை ஊசி வளைவு. டிரம் பிரேக்கு மிதிச்சு மிதிச்சு சூடானா டிரம் விரியும், கட்டை எட்டாது. பல வருஷம் மாத்தாத பிரேக் ஆயில்ல ஈரம் சேர்ந்திருக்கும், அது கொதிச்சு ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். பாதி மலை இறங்குனதும் அதான் நடந்துச்சு. மச்சான் வண்டியை மலைப்பக்கமா சாய்ச்சுட்டாரு, பள்ளத்துப் பக்கம் விடல. உசுரு தப்புச்சு. வலது காலு முட்டிக்குக் கீழ போனது போனதுதான், இன்னிக்கும் விந்தி விந்திதான் நடக்கிறாரு. எஞ்சினை வித்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுனோம். மீதி எங்க கொட்டாய்க்குப் பின்னாடி வந்துச்சு. பையனுக்கு அப்ப எட்டு வயசு.

அதனால மாப்ளகிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். ஒண்ணு, இது ரோட்டுக்கு வரவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி செஞ்ச வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிருச்சு. மரவள்ளி பிடுங்குன காட்டுல ஓட்டிக்கோ, இருநூறு மீட்டர் கிடைக்கும். ரெண்டாவது, எஞ்சின் பேச்சை அப்புறம் பேசலாம், முதல்ல பிரேக். சட்டம், சக்கரம், ஸ்டீரிங் எல்லாம் பழசா இருக்கட்டும், பார்த்து மாட்டு. பிரேக்குல மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பேடு, ஆயில் நாலும் கடையில புதுசா வாங்கணும். பில்லோட வா.

மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனான். பழைய ஆம்னி வேன் எஞ்சின் ஒண்ணு விலை பேசி வெச்சிருந்தானாம், அது கைவிட்டுப் போச்சு. மூணு வாரம் ஆளைக் காணோம்.

போன ஞாயித்துக்கிழமை வந்தான். டெம்போவுல டிஸ்க் பிரேக் வெச்ச பழைய ஜிப்ஸி முன் ஆக்சில், கையில ஒரு அட்டைப் பெட்டி, பில்லு. கூடவே மச்சான். பதினாலு வருஷத்துல அந்த ஜீப் பக்கம் அவரு போய் நான் பார்த்ததில்ல. சாயங்காலம் வரைக்கும் ஆக்சில் மாட்டுனோம், லைன் இழுத்தோம். அப்புறம் லைன்ல இருக்குற காத்தை எடுக்கணும். அதுக்கு ஒருத்தர் பெடலை மிதிக்கணும், இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்ட திருகைத் திறந்து மூடணும். மாப்ள ஸ்பேனரோட கீழ படுத்துட்டான். நான் டார்ச் புடிச்சேன். மச்சான் எதுவும் சொல்லாம சட்டத்தைப் புடிச்சு ஏறி, சீட்டு இருந்த இடத்துல பலகையைப் போட்டு உட்கார்ந்து, இடது காலால மிதிக்க ஆரம்பிச்சாரு.

"மிதிங்கப்பா... புடிச்சுக்கங்க... விடுங்க."

நாலு சக்கரமும் முடிய ஏழு மணி ஆயிருச்சு. கடைசியா மிதிச்சப்ப பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. மச்சான் காலை எடுக்கல, இன்னும் ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்தாரு.