ரெக்சினுக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு

பரீட்சை முடிஞ்சு ரெண்டு வாரம் லீவு. ஊருக்குப் போய் வர டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அதனால இங்கே ஹானோவர்ல, எங்க வீட்டுக்காரத் தாத்தாவோட பழைய வேனைப் பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டிருந்தேன். கை பூரா பசை, நகத்துக்குள்ள துரு. அதைப் பத்தி நாலு வரி எழுதலாம்னு உக்காந்தேன். எழுத எழுத வரலாற்றுப் பாடமா போயிடுச்சு. பொறுத்துக்குங்க மக்களே :-)

வேன்னு சொன்னேன்ல, அது 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, சின்ன அலமாரி எல்லாம் இருக்கிற கேம்பர். தாத்தா புதுசா வாங்கினது, வேற கை மாறவே இல்லை. கதவுப் பலகையெல்லாம் உப்பிப்போய், மேலே ஒட்டியிருந்த ரெக்சின் வெடிச்சுத் தொங்குது. "கை நடுங்குது, கூட வந்து மாத்திக் குடு, இந்த மாசம் வாடகையில கழிச்சுக்கறேன்"னார். வாடகைன்னதும் நான் எதையுமே யோசிக்கலை.

முதல்ல பேரு விஷயம். நம்ம ஊர்ல சீட்டு, சோபா, பைக் கவர் எல்லாத்துக்கும் ரெக்சின்னுதானே சொல்றோம்? அது மான்செஸ்டர் பக்கம் தயாரான ஒரு பிரிட்டிஷ் சரக்கோட பிராண்டு பேரு. துணிமேல செல்லுலோஸ் நைட்ரேட் பூசித் தோல் மாதிரி செஞ்சாங்க. சரக்கு மாறி பிவிசி வந்த பிறகும் நம்ம வாயில பேரு மாறலை. ஜெர்மன்காரங்களும் அதே கதைதான். அவங்க 'ஸ்கை'ங்கறாங்க. அதுவும் ஒரு பிராண்டு பேருதான்.

பிவிசி வளையக் காரணம் வால்டோ செமன்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர். 1926-ல் குட்ரிச் கம்பெனியில ரப்பரை உலோகத்தோட ஒட்ட வைக்க ஒரு பசை தேடினார். பசை கிடைக்கலை. விறைச்ச பிவிசியை ரப்பர் மாதிரி வளைய வைக்கிற வழி கிடைச்சுது. அதுல சேர்க்கிற இளக்கிதான் சூட்சுமம். வருஷம் போகப்போக அந்த இளக்கி மெல்ல ஆவியாகி வெளியேறும். கண்ணாடியில உள்பக்கமா பிசுபிசுன்னு படியுமே, அதுல ஒரு பங்கு இதுதான். அது போனதும் ரெக்சின் சுருங்கும், விறைக்கும், மடிப்புல வெடிக்கும். தாத்தா வேனுக்கு நடந்தது இதேதான்.

ரெக்சினுக்கு அடியில இருந்தது ஹார்ட்போர்டு. மரத்தூள் இல்லைங்க, மரத்துண்டை நீராவியில நாராப் பிரிச்சு, சூடு குடுத்து அழுத்தின அட்டை. வில்லியம் மேசன்னு ஒருத்தர் 1924-ல் அமெரிக்காவோட மிசிசிப்பியில கண்டுபிடிச்சது. மலிவு, லேசு, வளைச்சா வளையும். ஒரே எதிரி தண்ணி. கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்குறது சகஜம். அதனால பலகைக்குப் பின்னால ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருப்பாங்க. அந்தத் தாள் கிழிஞ்சா அட்டை ஈரத்தைக் குடிச்சு கிளிப் ஓட்டையில உப்பும், கிளிப் கழண்டுக்கும், கதவைச் சாத்தும்போதெல்லாம் டபடபன்னு ஆடும். பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச சத்தம்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்த வேனோட பிறந்த கதை எல்லா கார் புஸ்தகத்துலயும் இருக்கும். பென் பான்னு ஒரு டச்சு வியாபாரி வோல்ஃப்ஸ்புர்க் தொழிற்சாலைக்குப் போனார். உள்ளே சாமான் ஏத்தறதுக்குத் தொழிலாளிகள் பீட்டில் அடிச்சட்டத்துல ஒரு தட்டு வண்டி செஞ்சு ஓட்டிக்கிட்டிருந்ததைப் பார்த்தார். 1947 ஏப்ரல் 23-ம் தேதி நோட்டுல ஒரு பெட்டி வரைஞ்சார். முன்னால ஓட்டுநர், பின்னால இன்ஜின், நடுவுல சரக்கு. 1950 மார்ச் 8-ல் உற்பத்தி தொடங்கிச்சு. 1956-ல் இங்கே ஹானோவர் ஸ்டோக்கன்ல இதுக்குன்னே தனித் தொழிற்சாலை திறந்தாங்க. பான் வரைஞ்ச நோட்டு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு.

இந்தக் கதையில வெளிப்பெட்டி மட்டும்தான் வருது, கவனிச்சீங்களா? அந்தப் பெட்டி என்ன வண்டின்னு முடிவு பண்ணினது பெரும்பாலும் அதோட உள்பக்கம். ஆரம்ப வருஷத்துலயே ஒரே உடம்புல மூணு வண்டி வித்தாங்க. ஜன்னல் இல்லாம வெறும் தகரமா இருந்தா சரக்கு வேன். ஜன்னல் வச்சு, கழட்டி மாட்டற சீட்டு போட்டு, உள்ளே தகரம் பாதி தெரியற மாதிரி விட்டா கோம்பி. அதே கோம்பிக்கு முழுசா உள்பலகையும் கூரைத்துணியும் போட்டா மைக்ரோபஸ். தகரத்தை மூடற செலவுதான் சாமான் வண்டிக்கும் குடும்ப வண்டிக்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசம்.

இதுக்குள்ள வீட்டைக் கொண்டு வந்தது வெஸ்ட்ஃபாலியா. 1844-ல் வீடன்ப்ரூக் ஊர்ல ஒரு கொல்லுப்பட்டறையா ஆரம்பிச்ச கம்பெனி. குதிரை வண்டி, அப்புறம் டிரெய்லர்னு செஞ்சவங்க. 1950களோட தொடக்கத்துல 'கேம்பிங் பாக்ஸ்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. படுக்கையும் அலமாரியும் சேர்ந்த மரச்சாமான். வாரம் பூரா வண்டி கடைக்குச் சரக்கு சுமக்கும். சனிக்கிழமை அதைத் தூக்கி உள்ளே வச்சா குடும்பத்தோட ஏரிக்கரைக்குப் போகலாம். திங்கக்கிழமை இறக்கிட்டா திரும்ப சரக்கு வண்டி. போர் முடிஞ்சு சில வருஷம்தான் ஆகியிருந்த நாடு. தொழிலுக்கு ஒண்ணு, உல்லாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வண்டி வாங்க எத்தனை பேரால முடியும்?

உள்பக்கத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு பாக்கணும்னா அமெரிக்காவோட கோழி வரியைப் பாருங்க. நிஜமாவே கோழிதான். 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்கக் கோழிக்கறிமேல வரியை ஏத்திச்சு. பதிலுக்கு 1963 டிசம்பர்ல ஜான்சன் உத்தரவு போட்டார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, அதோட சின்ன லாரி. லாரிக்கு 25 சதவீதம். அடி விழுந்தது ஹானோவர்லேர்ந்து போன சரக்கு வேனுக்கு. ஆனா அதே உடம்புல ஜன்னலும் சீட்டும் இருந்தா அது பயணிகள் வண்டி, அந்த 25 சதவீதம் கிடையாது. சரக்கு வேனுக்கு அந்தச் சந்தை வத்திப்போச்சு, பஸ்ஸும் கேம்பரும் தொடர்ந்து போய்க்கிட்டே இருந்துச்சு. அமெரிக்காவுல இந்த வேன்னாலே ஹிப்பி வண்டிங்கற நினைப்பு வந்ததுக்கு இந்த வரியும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அந்த வரி அறுபது வருஷம் தாண்டியும் நீடிச்சுது. ஃபோர்டு கம்பெனி துருக்கியில செஞ்ச டிரான்சிட் கனெக்ட் வேனை 2009-லேர்ந்து சில வருஷம் பின்சீட்டோட பயணிகள் வண்டியா அமெரிக்காவுல இறக்கிச்சு. சுங்கம் தாண்டினதும் அந்தச் சீட்டைக் கழட்டிட்டு சரக்கு வேனா வித்துச்சு. வழக்கு நடந்து 2019-ல் கம்பெனி தோத்துது. 2024-ல் 36.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க. ஒரு சீட்டுக்கும் அதைச் சுத்தின ஜோடனைக்கும் எவ்வளவு விலை பாருங்க!

இனி என் வேலை. பழைய பலகையை உடைக்காம எடுக்கணும், ஏன்னா அதுதான் அளவு. பிளாஸ்டிக் கரண்டி மாதிரி ஒரு நெம்புகோலைக் கிளிப்புக்குப் பக்கத்துல குடுத்து நெம்பணும், நடுவுல நெம்பினா அட்டை பிட்டுக்கும். ஹார்ட்போர்டுக்குப் பதிலா 3 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தோம். பழையதை மேலே வச்சு பென்சிலால ஓரம் வரைஞ்சு, அறுத்து, ஓட்டை போட்டு, பின்பக்கமும் ஓரமும் ரெண்டு கை வார்னிஷ். மெல்லிய ஸ்பாஞ்சு, அதுக்கு மேலே ரெக்சின். ரெக்சினை ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூட விட்டு வெட்டி, ரெண்டு பக்கமும் பசை தடவி, கைக்கு ஒட்டாத அளவு காஞ்ச பிறகுதான் சேர்க்கணும். நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தேய்ச்சுக்கிட்டே போகணும். மூலையில சின்னச் சின்னதா வெட்டு விட்டா மடிப்பு விழாது.

நான் செஞ்ச முட்டாள்தனம்: பலகை 3 மில்லிமீட்டர், அடிச்ச ஸ்டேப்ளர் பின் 6 மில்லிமீட்டர். திருப்பிப் பார்த்தா முன்பக்கம் முள்ளம்பன்றி. ஒரு மீட்டர் ரெக்சின் போச்சு. தாத்தா ஒண்ணுமே சொல்லலை, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பக்கவாட்டுக் கதவோட பலகையைத் திருப்பினப்போதான் அதைப் பார்த்தேன். பின்பக்கம் தச்சு பென்சில்ல '17', பக்கத்துல மேலே பாக்கற ஒரு அம்புக்குறி, ஒரு டிக். வண்டியைத் தாத்தாவைத் தவிர யாரும் வச்சுக்கலை, அந்தக் கதவை அவர் பிரிச்சதும் இல்லை. அப்போ பட்டறையில அதை மாட்டினவரோட கைதான். பலகை நனைஞ்சு மாவாயிருந்துச்சு. "குப்பையில போட்டுடு"ன்னார் தாத்தா.

எனக்கு மனசு வரலை. பான் வரைஞ்சதும் பென்சில் கோடு, இதுவும் பென்சில் கோடு. அது கண்ணாடிப் பெட்டியில, இது குப்பைத்தொட்டியில. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு குடும்பம் தூங்கற மாதிரி செஞ்சது பதினேழுன்னு எழுதின கைதானே? இதைச் சொன்னப்போ தாத்தா சிரிச்சார், "நாப்பது தடவைக்கு மேல அதுக்குப் பக்கத்துல தலை வச்சுத் தூங்கியிருக்கேன், எனக்கே தெரியாது"ன்னார். அப்புறம் அவரே ரம்பம் எடுத்து, உப்பாத அந்த உள்ளங்கை அகலத் துண்டை மட்டும் அறுத்துக் குடுத்தார். வார்னிஷ் அடிச்சு புதுப் பலகையோட பின்பக்கமே ஒட்டிட்டோம்.

மாட்டறதுக்கு முன்னால தலைகீழா ஆகிடக்கூடாதுன்னு நானும் ஒரு அம்புக்குறி போட்டு 'மேல'ன்னு தமிழ்ல எழுதி வச்சேன். இன்னும் நாப்பது வருஷம் கழிச்சு அதைப் பிரிக்கப்போற ஜெர்மன்காரர் என்ன மொழின்னு முழிக்கப்போறார் :-)

உங்க ஊர் குஷன் கடைக்காரங்க, பஸ் பாடி கட்டறவங்க யாராவது பலகைக்குப் பின்னால இந்த மாதிரி எழுதிவச்சுப் பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அதையெல்லாம் யாராவது ஒருத்தர் எழுதி வச்சாத்தானே உண்டு.