இலவசமாய்க் கொடுத்த படமும் ஃப்ளிக்கர் போட்ட கடையும்

2004-ல் தொடங்கிய புகைப்படத் தளமான ஃப்ளிக்கர், அதே ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களையும் ஏற்றுக்கொண்டது. படத்தை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை எடுத்தவரே முடிவு செய்யலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும், வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் தாராளமாக அனுமதித்தார்கள்.

2014 நவம்பரில், யாகூவின் கையிலிருந்த ஃப்ளிக்கரே அப்படிப்பட்ட படங்களைக் கேன்வாஸில் அச்சிட்டு விற்க ஆரம்பித்தது. எடுத்தவர்களுக்கு ஒரு பைசா கிடையாது! உரிமப்படி தவறில்லை. ஆனால் புகைப்படக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஊருக்குப் பயன்படட்டும் என்று கொடுத்ததை, நம்பிச் சேர்ந்த தளமே விற்கலாமா என்று கேட்டார்கள். டிசம்பரிலேயே ஃப்ளிக்கர் மன்னிப்புக் கேட்டு அந்த விற்பனையை நிறுத்தியது.

அந்த உரிமத்தில் 'வியாபாரம்' என்றால் யாருடைய வியாபாரமும்தான். இதைப் பலர் உணர்ந்தது அப்போதுதான்.