காலையில் சிறைத்தீவு, மாலையில் திராட்சை மது

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் உல்லாசப் பயணிகளுக்கென விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில் ஒன்று பெரும்பாலும் இவ்வாறு அமைந்திருக்கும். காலையில் துறைமுகத்திலிருந்து படகேறி ரொபன் தீவுக்குச் செல்வது. நெல்சன் மண்டேலா அடைக்கப்பட்டிருந்த சிறைக்கூடத்தைப் பார்த்துவிட்டு நண்பகலில் கரைக்குத் திரும்புவது. பின்னர் அத்திலாந்திக் கரையோரமாக ஹௌட் குடா வரை சென்று, மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து, கொன்ஸ்டான்ஷியாப் பள்ளத்தாக்கிலுள்ள பழைய திராட்சைத் தோட்டமொன்றில் நான்கைந்து வகை வைன்களைச் சுவைத்துப் பார்ப்பது. மாலை ஐந்து மணிக்கு விடுதி திரும்பிவிடலாம்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் அந்நகருக்குச் சென்றிருந்தபோது நானும் இப்பயணத்தில் ஒருவனாக இருந்தேன். காலையில் கேட்டது துயரத்தின் கதை, மாலையில் கிடைத்தது ஓய்வு என்ற எண்ணத்துடனேயே உடன் வந்தவர்கள் இறங்கிச் சென்றனர். வழிகாட்டியும் இரண்டையும் இரு வேறு கதைகளாகவே சொன்னார். ஆனால் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் வரலாற்றைக் கொஞ்சமேனும் படித்த இலங்கையர் ஒருவருக்கு அவ்விரு இடங்களையும் அவ்வளவு எளிதில் பிரித்துப் பார்க்க முடியாது. நமது காலிக் கோட்டையையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் ஆண்ட அதே கம்பனிதான் அந்தச் சிறையையும் அந்தத் தோட்டத்தையும் உண்டாக்கியது. அவற்றுள் அடைபட்டவர்களும் உழைத்தவர்களும் பலர் நம் பக்கத்துக் கடல்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள்.

கம்பனியின் சார்பில் ஜான் வான் ரீபேக் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கியது 1652 ஏப்ரலில். ஐரோப்பாவுக்கும் பத்தேவியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் இறைச்சியும் வழங்குவதற்கான இடைத்தங்கல் நிலையம் ஒன்றை அமைப்பதே அவருக்கிடப்பட்ட பணி. 1655இல் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன. 1659 பெப்ரவரி 2ஆம் திகதி முதன்முதலாகக் கேப் திராட்சையிலிருந்து மது பிழியப்பட்டதாக அவருடைய நாட்குறிப்பு பதிவுசெய்கிறது. தென்னாபிரிக்க வைன் தொழில் இன்றும் அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அதே நாளில் மேசைக் குடாவில் மிதப்பதுபோல் தெரியும் அந்தத் தீவில் ஒரு மனிதர் சிறையிருந்தார். கோய்கோய் மக்களின் தலைவர்களுள் ஒருவரும் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவருமான ஔட்ஷுமாவோ. ஐரோப்பியர் அவரை 'ஹரி' என்றனர். மேய்ச்சல் நிலம், கால்நடை பற்றிய பிணக்கில் 1658இல் அவரைத் தீவுக்கு அனுப்பினர். 1659 இறுதியில் அவர் சிறு படகொன்றில் தப்பிக் கரையேறினார். அந்தத் தீவிலிருந்து தப்பியவர்கள் மிகச் சிலரே. 1820இல் கோசா மக்களின் தீர்க்கதரிசி மகாண்டா தப்ப முயன்று கடலில் மூழ்கி இறந்தார்.

ஔட்ஷுமாவோவின் உறவுமுறை மகளாகக் கருதப்படும் க்ரொட்டோவா என்ற பெண்ணின் கதை இன்னும் வேதனையானது. சிறுமியாகவே வான் ரீபேக்கின் வீட்டில் சேர்க்கப்பட்டு, ஒல்லாந்த மொழியும் கிறிஸ்தவமும் கற்று, இரு தரப்பாருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளரானவர் அவர். கம்பனியின் சத்திர வைத்தியர் ஒருவரை 1664இல் மணந்தார். கணவர் ரொபன் தீவுக்குப் பொறுப்பதிகாரியாக நியமிக்கப்பட்டபோது அவரும் அங்கு வாழ்ந்தார். கணவர் மடகஸ்காரில் கொல்லப்பட்டபின் குடிக்கு அடிமையானார். அதையே குற்றமாக்கி அவரைத் திரும்பத் திரும்ப அதே தீவுக்கு நாடுகடத்தினர். 1674இல் மரணம். கம்பனி கொண்டுவந்த மதுவும் கம்பனி உண்டாக்கிய சிறையும் இருபது வருடங்களுக்குள் ஒரே பெண்ணின் வாழ்வில் சந்தித்துவிட்டன. சுற்றுலாப் பேருந்தில் இந்தப் பெயரை எவரும் உச்சரிக்கக் கேட்கவில்லை.

தீவு மிகச் சிறியது. ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றர். அருகிலுள்ள கரையிலிருந்து சுமார் ஏழு கிலோமீற்றர் தூரம். கடல்நாய்களைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. நகரின் பெருங்கோட்டை கட்டப்பட்டபோது அதற்கான கல்லும், சுண்ணாம்பு சுடுவதற்கான சிப்பியும் இத்தீவில் கைதிகளின் உழைப்பால் சேகரிக்கப்பட்டன. கைதிகளுள் ஒல்லாந்தக் குற்றவாளிகளும் இருந்தனர். கீழைத்தேய அரசர்களும் அறிஞர்களும் இருந்தனர். கடல்சூழ்ந்த இடத்தைச் சிறையாக்குவது ஆட்சியாளருக்கு எங்கும் வசதியான வழியாகவே இருந்துவந்திருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே நிற்கும் ஹம்மன்ஹீல் கடற்கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கைப்பற்றினர். பின்னாளில் அதுவும் சிறையாயிற்று. இப்போது அங்கும் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி இருக்கிறது.

இனி மாலைத் தோட்டத்துக்கு வருவோம். 1679இல் கேப் நிலையத்தின் தலைவராகப் பதவியேற்ற சைமன் வான் டெர் ஸ்டெலுக்கு 1685இல் கொன்ஸ்டான்ஷியா நிலம் வழங்கப்பட்டது. வழங்கியவர் ஹெண்ட்ரிக் வான் ரீட். கேரளத்துத் தாவரங்களைப் பன்னிரு தொகுதிகளில் விவரிக்கும் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலைத் தொகுப்பித்த அதே அதிகாரிதான். கேப், இலங்கை, இந்தியா ஆகிய இடங்களிலிருந்த கம்பனி நிலையங்களைப் பரிசோதிக்க அனுப்பப்பட்டு வந்தவர், வழியில் நண்பருக்கு 763 ஹெக்டயர் நிலத்தை எழுதிக்கொடுத்தார். ஊழலைக் களைய வந்தவர் செய்த இந்தக் கொடையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அதிகம் கோபப்படுவதில்லை. வைன் நன்றாக இருந்ததால் போலும்.

சைமனின் குடும்ப வரலாறு நமக்கு நெருக்கமானது. அவர் 1639இல் மொரீசியஸை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கப்பலில் பிறந்தவர். தந்தை அட்ரியன் மொரீசியஸின் கம்பனித் தலைவராக இருந்து பின்னர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இங்கே 1646இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுடன் ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். தாய்வழிப் பாட்டி மொனிக்கா என்னும் இந்தியப் பெண் எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே, தென்னாபிரிக்க வெள்ளையர் தம் முன்னோடியாகப் போற்றி, ஸ்டெல்லன்பொஷ் என்ற நகரின் பெயரில் நிலைநிறுத்தியுள்ள அம்மனிதரை, 1950இன் குடிசனப் பதிவுச் சட்டத்தின் முன் நிறுத்தியிருந்தால் எந்தப் பிரிவில் எழுதியிருப்பார்களோ!

சைமன் 1712இல் இறந்தபின் தோட்டம் மூன்றாகப் பிரிந்தது. மாளிகையோடு கூடிய பெரும் பகுதியை ஓலொஃப் பேர்க் என்ற சுவீடன் நாட்டவர் வாங்கினார். இவர் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கம்பனிப் படையில் அதிகாரியாக இருந்த பேர்க், 1680களில் உடைந்த கப்பலொன்றின் பொருட்களை மீட்க அனுப்பப்பட்டு, அவற்றில் ஒரு பகுதியைத் தாமே பதுக்கிக்கொண்டார். பிடிபட்டார். ரொபன் தீவில் சிறைவைக்கப்பட்டு, பின்னர் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். சில வருடங்களில் மன்னிக்கப்பட்டு, கேப்புக்கே திரும்பி, படைத்தலைவராகி, செல்வந்தராகி, கொன்ஸ்டான்ஷியாவின் உரிமையாளரானார். அதே தீவில் அடைபட்ட கோய்கோய் தலைவருக்கோ ஜாவாவின் அறிஞருக்கோ இத்தகைய மறுவாழ்வு வாய்க்கவில்லை என்பதைக் கூறத் தேவையில்லை.

அவருடைய மனைவி அன்னா டி கொனிங். இவருடைய தாய் அஞ்சலா, வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு வான் ரீபேக்கின் வீட்டிலேயே வேலைசெய்து, பின்னர் விடுதலை பெற்றவர். 1724இல் பேர்க் இறந்தபின் பத்து வருடங்கள், தாம் இறக்கும் வரை, அன்னாவே தோட்டத்தின் உரிமையாளர். அடிமைப் பெண்ணின் மகள், ஐரோப்பிய அரசவைகள் பின்னாளில் போட்டிபோட்டு வாங்கிய மதுவின் நிலத்துக்கு எசமானி! கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால் அந்த எசமானியின் வீட்டிலும் வயலிலும் வேலைசெய்தவர்களும் அடிமைகளே.

1652க்கும் 1808க்கும் இடையே கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் தொகை சுமார் 63,000 என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியினர் இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள். ஏனையோர் மடகஸ்கார், இந்தோனேசியத் தீவுகள், ஆபிரிக்காவின் கிழக்குக் கரை முதலிய இடங்களிலிருந்து வந்தவர்கள். பெயர்ப் பதிவுகளில் 'வங்காளத்தின்', 'மலபாரின்', 'கரையின்', 'சிலோனின்' என்ற ஒட்டுக்கள் வரிசை வரிசையாக வருகின்றன. தாய் தந்தையர் வைத்த பெயர் போய், வந்திறங்கிய மாதமே பெயரானவர்களும் உண்டு. கேப்டவுன் தொலைபேசி விபரக்கொத்தில் செப்டெம்பர், பெப்ரவரி என்ற குடும்பப் பெயர்களைக் காணலாம்.

சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் அடிமை வணிகம் பெருகியது என்பதை நமது வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் எழுதியிருக்கிறார். 1659ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சாவூர்ப் பகுதியில் பஞ்சம் தலைவிரித்தாடியது. உணவுக்கு வழியற்றவர்கள் நாகபட்டினத்தில் கம்பனியிடம் ஆயிரக்கணக்கில் விலைப்பட்டு, இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் ஏற்றப்பட்டனர். கேப்பில் முதற் கிண்ணம் வைன் பிழியப்பட்டதும் அதே 1659தான்.

கொன்ஸ்டான்ஷியாவின் இனிப்பு வைனுக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் 1778இல் தோட்டத்தை வாங்கிய ஹெண்ட்ரிக் க்ளூட்டே. ஜேன் ஒஸ்டினின் நாவலொன்றில் அது மனவேதனைக்கு மருந்தாகப் பேசப்படுகிறது. சென் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது கப்பலில் போயிற்று. ஒரு தீவுச் சிறையின் நிழலில் விளைந்த மது, இன்னொரு தீவின் கைதிக்கு ஆறுதலாயிற்று. அந்த வைனின் சுவையை விவரிக்கும் திறமை எனக்கில்லை. நான் சுவைத்ததில் தேனும் தோடம்பழத் தோலும் கலந்த மணம் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடிமைமுறை 1834 டிசெம்பர் 1ஆம் திகதி சட்டப்படி முடிவுற்றது. 'பயிலுநர்' என்ற பெயரில் மேலும் நான்கு வருடங்கள் அவர்கள் பழைய எசமானர்களிடமே வேலைசெய்ய வேண்டியிருந்தது. விடுதலையானவர்களிடம் நிலமில்லை. தோட்டங்களிலேயே கூலிகளாக நீடித்தனர். கூலியின் ஒரு பகுதி மலிவான வைனாக, நாளொன்றுக்குப் பலமுறை, குவளையில் அளந்து கொடுக்கப்பட்டது. 'டொப்' எனப்பட்ட இம்முறை அடிமைக் காலத்தில் தொடங்கி, 1960களில் சட்டம் தடைசெய்த பின்னரும் 1990கள் வரை அங்கங்கே நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகில் பதிவான மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக மேற்குக் கேப்பின் திராட்சை மாவட்டங்களில் காணப்படுவதற்கு இதுவே முக்கிய காரணங்களில் ஒன்று. கொன்ஸ்டான்ஷியா மாளிகையின் நூதனசாலையில் அடிமை வரலாறு பற்றிய காட்சி இருக்கிறது. அதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். எமது குழுவுக்கு அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. நேரே சுவைக்கூடத்துக்கே அழைத்துச் சென்றனர்.

தீவின் அண்மைக் கால வரலாறு உலகறிந்தது. மண்டேலா தமது 27 வருடச் சிறைவாசத்தில் 18 வருடங்களை அங்கு கழித்தார். 1991இல் கடைசி அரசியல் கைதிகள் வெளியேறினர், 1997இல் நூதனசாலையாயிற்று, 1999இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. சிறைக்குள் வழிகாட்டுவோர் முன்னாள் கைதிகளே. அங்கு வைத்துள்ள உணவுப் பட்டியலின் முன் நான் நீண்ட நேரம் நின்றேன். கலப்பினத்தாருக்கும் ஆசியருக்கும் இறைச்சி 6 அவுன்ஸ், கறுப்பருக்கு 5. பழப்பாகு அவர்களுக்கு 1 அவுன்ஸ், இவர்களுக்கு இல்லை. ஒரே சிறையில், ஒரே கல்லை உடைத்தவர்களை அவுன்ஸ் கணக்கில் பிரித்திருக்கிறார்கள். அந்த ஆசியர் வரிசையில் பத்து வருடங்கள் இருந்தவர் இந்திரஸ் நாயுடு. காந்தியின் திரான்ஸ்வால் சத்தியாக்கிரகத்தில் தமிழரை முன்னின்று நடத்திப் பலமுறை சிறைசென்ற தம்பி நாயுடுவின் பேரன். 1963இல் நாசவேலைக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட அவர், தமது கைதி எண்ணையே துணைத் தலைப்பாகக் கொண்டு 1982இல் வெளியிட்ட நூல், தீவின் அன்றாடக் கொடுமைகளை வெளியுலகுக்குச் சொன்ன முக்கிய சாட்சியங்களுள் ஒன்று.

மண்டேலாவின் பெயர் பெரிதாகப் பெரிதாக, முந்தைய முந்நூறு வருடக் கைதிகள் பின்னால் தள்ளப்படுகின்றனர். தீதோரே தீவைச் சேர்ந்த துவான் குரு 1780இல் இங்கு அனுப்பப்பட்டார். சிறையில் நினைவிலிருந்தே குர்ஆனை எழுதினார். விடுதலையானபின் 1794இல் தென்னாபிரிக்காவின் முதற் பள்ளிவாசல் உருவாக வழிவகுத்தார். மக்கசாரின் ஷேக் யூசுப் 1684இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டவர். ஹஜ்ஜுக்குச் செல்லும் யாத்திரிகர் வழியாக இங்கிருந்தும் அவர் தம் நாட்டவரோடு தொடர்பு வைத்திருந்ததால், 1694இல் 49 பேருடன் கேப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆளுநராக அவரை எதிர்கொண்டவர் சைமன் வான் டெர் ஸ்டெல். 1699இல் யூசுப் அங்கேயே காலமானார்.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, 1668இல், பத்தேவியாவிலிருந்து வந்த ஒரு கப்பலில் சுமாத்திராவின் மேற்குக் கரையைச் சேர்ந்த மூன்று தலைவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு இறக்கப்பட்டனர். செல்வாக்குள்ளவர்கள், தப்பினால் கம்பனிக்கு ஆபத்து என்பதால் அவர்களைப் பிரித்துவைத்தனர். ஒருவர் ரொபன் தீவுக்கு. மற்ற இருவரும் மலைக்குப் பின்னாலிருந்த 'கம்பனியின் காட்டுக்கு'. அந்தக் காடுதான் பதினேழு வருடங்களுக்குப் பின் கொன்ஸ்டான்ஷியா ஆயிற்று.

அவர்களுள் ஒருவரான ஷேக் அப்துர்ரஹ்மான் மத்தேபே ஷாவின் ஸியாரம் க்ளைன் கொன்ஸ்டான்ஷியா தோட்டத்தின் நுழைவாயிலருகே இருக்கிறது. கேப் முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் நகரைச் சூழவுள்ள இத்தகைய ஸியாரங்களுக்குச் சென்று வருவது வழக்கம். ரொபன் தீவிலும் 1754இல் அங்கே இறந்த ஓர் இமாமுக்கு 1969இல் எழுப்பப்பட்ட ஸியாரம் ஒன்றுண்டு. அதைப் பேருந்தின் சாளரத்தினூடே எமக்குக் காட்டினார்கள். தோட்டத்து வாயிலில் உள்ளதைத் தேடி நான் மறுநாள் வாடகைக் காரில் தனியாகச் செல்ல வேண்டியிருந்தது. மரநிழலில் சிறிய கட்டடம், அருகே ஓடை, மறுபுறம் திராட்சைக் கொடிகள். உள்ளே பச்சைப் பட்டு போர்த்தியிருந்தார்கள்.